ஒரு மூட்டை உரத்துக்கு எவ்வளவு கோதுமை? அர்சி வயலில் போட்டுப் பார்த்த கணக்கு

எத்தியோப்பியாவின் அர்சி பக்கம் கோதுமை விவசாயியிடம் எவ்வளவு உரம் போடுகிறீர்கள் என்று கேட்டால் பதில் மூட்டைக் கணக்கில்தான் வரும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்பது எங்களைப் போல வகுப்பெடுக்கிறவர்களின் பேச்சு. அவர்கள் நிலத்தை திமாத் கணக்கில் அளக்கிறார்கள்; ஒரு திமாத் என்பது ஏறக்குறையக் கால் ஹெக்டேர். ஆகவே மூட்டைக்கும் திமாதுக்கும் பொருந்தாத சிபாரிசு எதுவானாலும் அது காகிதத்தோடு நின்றுவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் கணக்கு வந்து நிற்கும் இடம் அதுதான்.

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பாடம் உழவியல். மாணவர்களின் ஆய்வுக்காக விவசாயி ஒருவரின் நிலத்தில் கலப்பு உரச் சோதனை ஒன்று போட்டோம். ஊர் அசெல்லாவுக்குப் பக்கம். கிழக்கே சிலாலோ மலை. குலும்சா ஆராய்ச்சி நிலையமும் தொலைவில்லை. 1960-களின் கடைசியில் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த வேளாண் திட்டத்தின் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்குக் கோதுமை ஆராய்ச்சி பழக்கம். சகாராவுக்குத் தெற்கே அதிகம் கோதுமை விளைவிக்கும் நாடு எத்தியோப்பியா. அதில் அர்சியும் பக்கத்து பாலேயும்தான் களஞ்சியம்.

கலப்பு உரம் இங்கே எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாக நாடு முழுக்க ஒரே சிபாரிசுதான்: ஹெக்டேருக்கு 100 கிலோ டிஏபி (டை-அமோனியம் பாஸ்பேட்), 100 கிலோ யூரியா. மண் எதுவானாலும் அதே. 2012 வாக்கில் தேசிய அளவில் மண்வள வரைபடம் எடுக்கும் வேலை தொடங்கியது. பல இடங்களில் தழையும் (நைட்ரஜன்) மணியும் (பாஸ்பரஸ்) மட்டுமல்ல, கந்தகமும் போரானும்கூடப் பற்றாக்குறை என்று அந்த வரைபடம் சொன்னது. அதன் பிறகு டிஏபி இருந்த இடத்துக்குத் தழை, மணி, கந்தகம் மூன்றும் உள்ள உரம் வந்தது. அதோடு போரானும் சேர்த்தால் இங்கே எல்லோரும் சொல்லும் என்.பி.எஸ்.பி. மூட்டையில் உள்ள அளவு: தழைச்சத்து 18.9, மணிச்சத்து 37.7, கந்தகம் 6.95, போரான் 0.1 சதவீதம். சாம்பல்சத்து கிடையாது. நம்மூர் 20-20-0-13 மூட்டையில் கந்தகமே 13 சதவீதம் என்பதை நினைத்துக்கொண்டால் இதில் கந்தகம் எவ்வளவு குறைவு என்று புரியும்.

இந்த உரத்தை 50, 100, 150, 200 கிலோ என்று ஏற்றிக்கொண்டே போய் மகசூல் எடுக்கும் ஆய்வுகள் இங்கே ஏராளம். மாணவர்கள் கொண்டுவந்த திட்டமும் அப்படித்தான் இருந்தது: யூரியா எல்லாப் பாத்திக்கும் ஒரே 100 கிலோ, கலப்பு உரம் மட்டும் மாறும். எனக்கு அதில் ஒரு சிக்கல் உறுத்தியது. 50 கிலோ கலப்பு உரத்தில் தழைச்சத்து ஒன்பதரைக் கிலோ. 200 கிலோவில் கிட்டத்தட்ட 38. ஆக, உரம் கூடக்கூட தழைச்சத்தும் சேர்ந்து 28 கிலோ கூடிவிடுகிறது. கோதுமையோ தழைச்சத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும் பயிர். கடைசியில் மகசூல் ஏறினால் அது கலப்பு உரத்தின் பெருமையா, தழைச்சத்தின் பெருமையா? பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

அதனால் தழைச்சத்தை எல்லாப் பாத்திக்கும் ஹெக்டேருக்கு 92 கிலோ என்று கட்டிவைத்தோம். யூரியாவில் 46 சதவீதம் என்பதால் அது 200 கிலோ யூரியாவுக்குச் சமம். கலப்பு உரம் கொடுக்கும் தழையைக் கழித்துவிட்டு மீதியை யூரியாவாகக் கொடுக்க வேண்டும். 50 கிலோ கலப்பு உரம் போட்டால் யூரியா 179 கிலோ, 100-க்கு 159, 150-க்கு 138, 200-க்கு 118. அதாவது ஒவ்வொரு 50 கிலோ மூட்டையும் சுமார் 20 கிலோ யூரியாவை மிச்சப்படுத்துகிறது. இந்த 20 கிலோ பின்னால் லாபக் கணக்கில் முக்கியமாகப் போகிறது.

இன்னும் மூன்று பாத்திகள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒன்றில் எதுவுமே போடுவதில்லை. இன்னொன்றில் 200 கிலோ யூரியா மட்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: 100 கிலோ கலப்பு உரத்தில் உள்ள அதே மணிச்சத்தை 82 கிலோ டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் மூலம் கொடுத்து, தழை முழுவதையும் யூரியாவாகக் கொடுப்பது. அதில் போரான் இல்லை, கந்தகம் சொற்பம். 100 கிலோ கலப்பு உரப் பாத்தியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கந்தகமும் போரானும் ஏதாவது செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். மொத்தம் ஏழு வகை, மூன்று தொகுதி, 21 பாத்தி.

நிலம் கரிசல் சாயல் கொண்ட களிமண். மழை விட்டால் வெடிக்கும், பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். நிலம் லேசாகச் சரிந்திருந்தது. சரிவின் குறுக்கே தொகுதிகளை வைத்தோம்: மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ஏழு வகையும் ஒவ்வொரு தொகுதியிலும் சீட்டுக் குலுக்கி இடம் பெற்றன. பாத்தி 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர். ஒரு பாத்தியில் 15 வரிசை.

உரம் நிறுக்கும் வேலைதான் இந்த மாதிரிச் சோதனையின் உயிர். 12 சதுர மீட்டர் பாத்திக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ வீதம் என்றால் வெறும் 120 கிராம். அதை 15 வரிசைக்குப் பங்கிட்டால் வரிசைக்கு 8 கிராம். 4 மீட்டர் நீளக் கோட்டில் 8 கிராம் உரத்தைச் சீராகத் தூவ வேண்டும். கை வீச்சில் முடியாது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் பொட்டலம் கட்டினோம். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, அதில் உரத்தைப் போட்டு, கோட்டின் மேல் தட்டிக்கொண்டே நடப்பது; பாதியில் தீர்ந்தால் வேகம் அதிகம், மிஞ்சினால் திரும்பி வந்து தூவுவது. இரண்டாவது தொகுதிக்கு வருவதற்குள் மாணவர்களுக்குக் கை பழகிவிட்டது.

பொட்டலம் கட்டும்போது ஒன்றைக் கவனித்தோம். கலப்பு உரம் என்றால் நம்மூர் காம்ப்ளக்ஸ் மாதிரி ஒவ்வொரு குருணையிலும் எல்லாச் சத்தும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. இது தனித்தனிக் குருணைகளைச் சேர்த்துக் கிளறியது. வெள்ளைத் தாளில் ஒரு பிடி கொட்டிப் பார்த்தால் நிறத்திலும் பருமனிலும் வித்தியாசம் தெரியும். போராக்ஸில் போரான் சுமார் 11 சதவீதம். மூட்டையில் 0.1 சதவீதம் போரான் வர 100 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான போராக்ஸ் போதும். எங்கள் பாத்திக்கான 120 கிராமில் அது ஒரு கிராம் அளவுதான். 15 வரிசைக்கு ஒரு கிராம்! எந்த வரிசைக்குப் போரான் குருணை போனது, எதற்குப் போகவில்லை என்பது அந்தந்த வரிசையின் அதிர்ஷ்டம். அதோடு லாரியில் குலுங்கி வரும் மூட்டையில் சிறிய குருணை அடியில் இறங்கிவிடும். இதனால் மூட்டையைச் சாக்கில் கொட்டி, நன்றாகப் புரட்டி, பல இடங்களில் அள்ளித்தான் நிறுத்தோம். விவசாயி அப்படிச் செய்ய மாட்டார். மேலேயிருந்து அள்ளிக்கொண்டே போவார். போரான் பற்றாக்குறைக்கு இது சரியான மருந்தா என்ற சந்தேகம் எனக்கு அந்தத் தாளைப் பார்த்தபோதே வந்துவிட்டது.

விதை ககாபா ரகம். 2010-இல் மஞ்சள் துரு நோய் நாட்டையே புரட்டிப் போட்டது. அப்போது அதிகம் பயிரிட்டிருந்த குப்சா ரகம் மடிந்தது. அந்த ஆண்டு வெளியான ரகங்களில் ககாபாவும் ஒன்று. ஹெக்டேருக்கு 150 கிலோ விதை, வரிசைக்கு 12 கிராம். ஜூலை முதல் பாதியில் விதைத்தோம். கலப்பு உரம் முழுவதும் அடியுரம். யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு விதைப்பின்போது, மீதி தூர் கட்டும் பருவத்தில், களை எடுத்த கையோடு. மேலுரத்துக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் அர்சியில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது லேசில்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, ஒரு வெறித்த காலையில் போட்டு முடித்தோம்.

தூர் கட்டும் பருவம் வந்ததுமே யூரியா மட்டும் போட்ட பாத்திகளை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். பச்சை இருந்தது, ஆனால் தூர் இல்லை. மணிச்சத்து இல்லாத கோதுமை அப்படித்தான், ஒல்லியாகக் குட்டையாக நிற்கும். 150 கிலோ பாத்தியில் வரிசைக்கு இடையே மண் தெரியாமல் மூடிவிட்டது.

பள்ளத்தில் இருந்த தொகுதியில் ஆகஸ்டில் தண்ணீர் தேங்கியது. பயிர் மஞ்சளடித்தது. வடிகால் கீறிவிட்டோம், முழுதாகத் தேறவில்லை. ஏழு வகையும் அதே தொகுதியில் ஒன்றாக அடி வாங்கியதால் ஒப்பீடு கெடவில்லை. சரிவின் குறுக்கே தொகுதி வைப்பதன் பயன் இதுதான். இதே பாத்திகளை நிலம் முழுக்கக் குலுக்கிப் போட்டிருந்தால், எந்த உரம் பள்ளத்தில் அதிகம் விழுந்ததோ அதற்குக் கெட்ட பெயர் வந்திருக்கும்.

கதிர் இலையுறைக்குள் இருக்கும் பொதிப்பருவத்தை ஒட்டி மஞ்சள் துரு தலை காட்டியது. முதலில் 200 கிலோ பாத்தியில், அப்புறம் 150-இல். நெருக்கமாக, ஈரம் காயாமல் நிற்கும் பயிரில் துருவுக்குக் கொண்டாட்டம். புரோபிகோனசோல் என்ற பூஞ்சணக்கொல்லியைக் கலந்து எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவில் தெளித்தோம். நோய் வந்த பாத்திக்கு மட்டும் தெளித்தால் அங்கே மகசூல் மருந்தால் வந்ததா உரத்தால் வந்ததா என்று மறுபடி குழப்பம். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மருந்து அடிக்க வழியில்லாத விவசாயிக்கு 200 கிலோ பாத்தி எங்கள் கணக்கைவிட மோசமாகவே இருக்கும்.

பால் பிடிக்கும் நேரத்தில் காற்றோடு ஒரு மழை. 200 கிலோ பாத்திகள் இரண்டு சாய்ந்துவிட்டன.

அறுவடை நவம்பர் கடைசியில். அர்சியில் வாடகைக்கு அறுவடை இயந்திரம் ஓடும் ஊர்தான், ஆனால் எங்கள் பாத்திக்குள் அது திரும்பவே முடியாது. அரிவாள்தான். ஓர வரிசை இரண்டையும் விட்டுவிட்டு, நீளத்தில் இரு முனையிலும் அரை மீட்டர் விட்டு, நடுவில் 13 வரிசையை மட்டும் அறுத்தோம். கணக்குக்கு எடுத்த பரப்பு 7.8 சதுர மீட்டர். ஓர வரிசைக்கு வெயிலும் காற்றும் பக்கத்துப் பாத்தி உரமும் கிடைக்கும், அதைச் சேர்த்தால் மகசூல் பொய் சொல்லும். ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை கட்டி, காயவைத்து, சாக்குக்குள் போட்டுக் கம்பால் அடித்து, தூற்றி, நிறுத்தோம்.

இவ்வளவு சின்னப் பரப்பில் தராசு 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 128 கிலோ பிசகும். அதனால் தொங்கு தராசை ஒதுக்கிவிட்டு ஆய்வகத் தராசையே கொண்டுபோனோம். ஈரப்பதமும் பார்த்து எல்லா எடையையும் 12.5 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தோம். 15 சதவீத ஈரத்தில் 3.1 கிலோ நிற்கும் தானியம், அந்தக் கணக்கில் 3.01 கிலோதான். இதைச் செய்யாமல் விட்டால், தாமதமாக முற்றிய பச்சைப் பாத்தி தண்ணீரின் எடையாலேயே ஜெயித்துவிடும்.

மூன்று தொகுதியின் சராசரி இது. எதுவும் போடாத பாத்தி 1.1 கிலோ. யூரியா மட்டும் போட்டது 2.0. கலப்பு உரம் 50 கிலோ வீதத்தில் 2.6, 100-இல் 3.0, 150-இல் 3.2, 200-இல் 3.25. ஹெக்டேருக்கு மாற்றினால் முறையே 14 குவிண்டால், 26, 33, 38, 41, கடைசியில் 42-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரே வயல், ஒரே பருவம். இதை அர்சிக்கே சிபாரிசாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏற்றம் எங்கே தளர்கிறது என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் பாத்தி? 2.95 கிலோ. 100 கிலோ கலப்பு உரத்துக்கும் அதற்கும் 50 கிராம்தான் வித்தியாசம். மூன்றே தொகுதி உள்ள சோதனையில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பிச் சொல்ல முடியாது. ஆக, இந்த வயலில் கந்தகமும் போரானும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையும் செய்யவில்லை. மகசூலைத் தூக்கியது மணிச்சத்தும் தழைச்சத்தும்தான். கலப்பு உரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிச்சத்துக்காக எந்த மூட்டையாவது வாங்கத்தான் வேண்டும். இதில் தழையும் சேர்ந்து வருவதால் மொத்தம் தூக்கிச் சுமக்கும் எடைகூடக் குறைகிறது. போரான் போட்டோம் அதனால் விளைந்தது என்று மேடையில் பேசுவதைத்தான் இந்தப் பாத்தி ஏற்கவில்லை.

இனி லாபம். இந்த நாட்டுப் பணமான பிர்ர் கணக்கில் போட்டால் அடுத்த பருவத்துக்குள் பழசாகிவிடும். 2022-இல் உக்ரைன் போரோடு உலகச் சந்தையில் உரம் விலை ஏறிய வேகத்தை இங்கே எல்லோரும் அனுபவித்தார்கள். அதனால் எல்லாவற்றையும் கோதுமையில் கணக்குப் போட்டோம். ஒரு கிலோ உரத்துக்கு ஒரு கிலோ கோதுமை என்று வைத்துக்கொண்டு தொடங்குவது, பிறகு உரம் இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்று பார்ப்பது. அறுத்து, அடித்து, சாக்குப் பிடித்து, ஏற்றுவதற்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. இதற்கெல்லாம் முன்னால் மகசூலிலேயே பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டோம். சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு முறையில் இது வழக்கம்: பாத்தியில் நாங்கள் காட்டும் அக்கறையை விவசாயி ஒரு ஹெக்டேர் முழுக்கக் காட்ட முடியாது.

ஒவ்வொரு கூடுதல் மூட்டையும் தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கணக்கின் சாரம். மொத்த லாபத்தைப் பார்த்தால் எல்லாமே லாபமாகத் தெரியும். முதல் மூட்டை 692 கிலோ கோதுமை கூட்டியது. இரண்டாவது 462. மூன்றாவது 231. நான்காவது வெறும் 58. ஒரு மூட்டையின் விலை 50 கிலோ கோதுமை, மிச்சமாகும் யூரியா 20 கிலோ, ஆகவே நிகரச் செலவு 30. மூன்றாவது மூட்டைக்கு அடிப்பு, ஏற்றுக் கூலியோடு சேர்த்து 53 கிலோ செலவு, 231 வரவு. தாராளம். நான்காவதுக்கு 36 செலவு, 58 வரவு, கையில் நிற்பது 22. நஷ்டமில்லை, ஆனால் போட்ட ஒரு கிலோவுக்கு மேலும் ஒரு கிலோவாவது கையில் நிற்காவிட்டால் விவசாயி அந்தக் காசை வேறு எதிலாவது போடுவதே மேல். அந்த அளவுகோலில் நான்காவது மூட்டை தோற்றது. உரமும் யூரியாவும் இரண்டு மடங்கு விலையானால் அது நேரடி நஷ்டம்: 66 செலவு, 58 வரவு. மூன்றாவது அப்போதும் தாங்குகிறது. 83 போட்டு 231 எடுக்கிறது.

நிலத்துக்காரரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோனோம். மாணவர் ஒருவர் ஒரோமோ மொழியில் சொல்ல, பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முதலில் கேட்டது தானியத்தைப் பற்றி அல்ல. "வைக்கோல் எங்கே? அதைக் கணக்கில் காணோமே?" மாட்டுக்குத் தீவனம் அதுதான். எடுத்து வைத்திருந்தோம், ஆனால் விலை போட்டுச் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் முதல் மூன்று மூட்டையும் இன்னும் மேலே போகின்றன. 200 கிலோ பாத்தியில் சாய்ந்த தாள் அடியில் அழுகியிருந்ததால் அங்கே பெரிதாக ஏறவில்லை. அவர் இரண்டாவதாகக் கேட்டது, ஜூன் மாதத்தில் யாரிடம் பணம் இருக்கிறது என்று. பழைய கோதுமை தீர்ந்து, புதுசு வர ஐந்து மாதம் இருக்கும் நேரத்தில் மூன்றாவது மூட்டைக்குக் கடன் வாங்க வேண்டும். ஐந்து மாத வட்டியைச் சேர்த்தாலும் மூன்றாவது மூட்டை தாங்குகிறது. கடன் கிடைக்காவிட்டால் இரண்டோடு நிறுத்தலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். நல்ல லாபம் முதல் இரண்டு மூட்டையிலேயே வந்துவிடுகிறது.

150 கிலோ வீதம் என்பதை அவருக்கு மாற்றிச் சொன்னால் நான்கு திமாதுக்கு மூன்று மூட்டை. ஒரு திமாதுக்கு ஒரு மூட்டையாக அப்படியே கொட்டினால் அது 200 கிலோ வீதம், நாங்கள் வேண்டாம் என்ற அதே அளவு. ஒரு திமாத் மட்டும் வைத்திருப்பவர் மூட்டையைப் பிரித்துக் கால் பங்கை எடுத்து வைக்க வேண்டும், இல்லை பக்கத்து நிலத்துக்காரரோடு பங்கு போட வேண்டும். கெபெலே (ஊர் அளவிலான நிர்வாகப் பிரிவு) வேளாண் அலுவலரிடம் எழுதிக் கொடுத்தது இதைத்தான், ஒரு பக்கத்தில், கிலோ இல்லாமல்.

தழைச்சத்தை 92 என்று கட்டிவைத்ததால் அந்த 92 சரியா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. யூரியா மட்டும் போட்ட பாத்தி இரட்டிப்புக்கு அருகில் வந்ததைப் பார்த்தால் தழைச்சத்துக்கு இந்த வயல் நன்றாகப் பதில் சொல்கிறது, ஆனால் 92 முழுவதும் தேவையா என்று அது சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் பக்கத்து நிலத்தில், பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, கலப்பு உரத்தை மூன்று மூட்டையில் நிறுத்திவிட்டு யூரியாவை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். வைக்கோலை முதல் நாளிலிருந்தே எடை போட்டு வைக்கிறோம்.